காரணம் இன்மையும் காரணம் அறியாமையும்

இது சற்றே நீண்ட பதிவு. மொழியியலில் முதுகலை முடித்து, அறிவியல் கலைச்சொற்களைப் பற்றி ஐதராபாத்தில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒருத்திக்கு இரத்த உறைவைப் பற்றி எழுத என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பாதி வரையேனும் பொறுத்திருந்து படிக்க வேண்டுகிறேன்.

‘அஃறிணை’ என்னும் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அல் + திணை, உயர்திணை அல்லாதது. கல், ஆறு, மாடு, மழை, மேசை எல்லாம் இந்த ஒரே வகுப்புக்குள் அடங்கும். இவற்றுக்குள் பொதுப்பண்பு என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. இவை மக்கள் அல்ல என்பது மட்டுமே இவற்றை இணைக்கிறது. இவ்வாறு எதிர்மறையால் இடப்படும் பெயர், பொருளின் இயல்பைக் காட்டிலும், பெயரிட்டவரின் கவனம் அப்போது எங்கே இருந்தது என்பதையே மிகுதியாகச் சொல்கிறது.

உயிரியலில் இதற்கு இணையான ஒரு வகுப்பு உண்டு: புரதக் குறியீடு அற்ற ஆர்.என்.ஏ. மனித மரபுத்தொகையில் ஏறத்தாழ 300 கோடி கார இணைகள் உள்ளன. புரதங்களை உருவாக்கும் குறிப்பு அடங்கிய பகுதி அதில் 2 விழுக்காட்டிற்கும் குறைவு. எஞ்சியவற்றிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அவற்றில் 22 எழுத்து அளவே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. உண்டு, 200 எழுத்தைத் தாண்டும் நெடிய ஆர்.என்.ஏ. உண்டு, இரு முனைகளும் இணைந்து வளையமாகிய ஆர்.என்.ஏ.வும் உண்டு. கல்லும் மாடும் போல, இவையும் இன்னது ‘அல்லாதவை’ என்ற ஒரே காரணத்தால் ஒரு கூரையின்கீழ் வாழ்கின்றன.

இந்தத் துறையின் சொற்களைப் பாருங்கள்: எழுத்து, குறிமுறை, படியெடுத்தல், தூது, மொழிபெயர்ப்பு. எல்லாம் எங்கள் துறையிலிருந்து கடன் போனவை. டி.என்.ஏ.வின் செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டுப் புரதமாக மொழிபெயர்க்கப்படுகிறது என்னும் சித்திரத்தை பிரான்சிஸ் கிரிக் 1958இல் எழுதிய கட்டுரை நிலைநாட்டியது. செய்தி இருந்தால் அதற்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். பொருள் என்றால் புரதம். ஆகவே, புரதமாக மொழிபெயர்க்கப்படாதது பொருளற்றது என்ற முடிவு சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிட்டது. 1972இல் சுசுமு ஓனோ ‘குப்பை டி.என்.ஏ.’ என்னும் தொடரைத் தம் கட்டுரைத் தலைப்பிலேயே வைத்தார்.

இதில் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. 1961இல் பிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் மரபணுக்களை அடக்கி ஆளும் ஒரு பொருள் உண்டு என்று முன்மொழிந்தபோது, அது ஆர்.என்.ஏ.வாக இருக்கலாம் என்றே கருதினார்கள். 1966இல் அவர்கள் ஆராய்ந்த அமைப்பின் அடக்கி, புரதம் என்று தெளிவாயிற்று. அந்த அமைப்பைப் பொறுத்தவரை அது சரியான திருத்தமே. ஆனால் அதனோடு, ஆர்.என்.ஏ. ஆளக்கூடும் என்ற எண்ணமும் நெடுங்காலம் ஒதுங்கி நின்றது. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழுவில், 22 எழுத்து அளவுள்ள ஓர் ஆர்.என்.ஏ. மற்றொரு மரபணுவின் தூதினை அடக்குவதைக் காட்டின. அது புழுவின் தனி வழக்கம் என்றே பலர் எண்ணினர். 2000இல் அத்தகைய மற்றொன்று மனிதர் உட்படப் பல விலங்குகளில் இருப்பது தெரிந்த பிறகே துறை திரும்பிப் பார்த்தது. 2024இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவற்றையெல்லாம் என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்காக, சொல்வரலாறாக மட்டுமே படித்துக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு அம்மாவுக்கு இடது கெண்டைக்கால் வீங்கிய பிறகு அவ்வாறு படிக்க இயலவில்லை.

என் பெற்றோர் பெங்களூரில் இருக்கிறார்கள். அம்மா அங்கு ஒரு பள்ளியில் தமிழாசிரியர், வயது 56. கால் வீக்கம் இரண்டு நாளில் முழங்கால் வரை ஏறியது. டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். தொடைப்பகுதியின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருந்தது. மருத்துவர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பொறுமையாக விளக்கினார். அப்பா அதைத் தொலைபேசியில் எனக்குத் தமிழில் சொன்னார்: “கால் நரம்புல ரத்தக்கட்டாம்மா.”

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு சொற்கள் இடம் மாறி நிற்கின்றன. பாடநூலில் சிரை வேறு, நரம்பு வேறு. பேச்சுவழக்கில் சிரைக்கும் நரம்பு என்றே பெயர். புறங்கையில் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம், ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்கிறோம். இதில் பிழை ஏதுமில்லை, வழக்கு அப்படி. இரண்டாவது சொல்தான் அச்சமூட்டியது. ‘ரத்தக்கட்டு’ என்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பொருள், அடிபட்ட இடத்தில் கன்றிப்போவது. அதற்கு எல்லோருக்கும் தெரிந்த வைத்தியமும் உண்டு: எண்ணெய் காய்ச்சி நீவிவிடுவது. பக்கத்து வீட்டு அத்தை அன்பினால் எண்ணெய்க் கிண்ணத்துடன் வந்தே விட்டார். ஆழ்சிரையில் புதிதாக உறைந்த இரத்தத்தை நீவினால், அதிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். அது உயிரைப் பறிக்கவல்லது. தொலைபேசியிலேயே அத்தையிடம் சொன்னேன்: “இது ரத்தக்கட்டு இல்லீங்க அத்தை, ரத்தம் உறைஞ்சு குழாயை அடைச்சிருக்கு. தேய்க்கவே கூடாது.” அவருக்கு உடனே புரிந்தது. கலைச்சொல் என்பது பாடநூல் தயாரிப்போரின் கவலை மட்டுமன்று என்பதற்கு இதைவிட நேரடியான சான்று என் ஆய்வேட்டில் இல்லை.

ஆபத்து நீங்கிய பிறகு வந்தது வேறொரு சொல். மருத்துவமனைச் சுருக்கக் குறிப்பில் ‘அன்ப்ரொவோக்டு’ என்று எழுதியிருந்தார்கள். சிரை உறைவுக்கு ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் மூன்று வாயில்கள் சொல்வது மருத்துவ மரபு: இரத்தம் தேங்குதல், குழாய்ச் சுவர் புண்படுதல், இரத்தமே உறையும் நாட்டம் கொள்ளுதல். அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, நெடுநாள் படுக்கை, மகப்பேறு, ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை, புற்றுநோய் எனக் கண்ணுக்குத் தெரியும் தூண்டுதல் ஏதேனும் இருந்தால் அது ‘தூண்டப்பட்ட’ உறைவு. அம்மாவுக்கு இவற்றில் எதுவுமில்லை. எனவே ‘தூண்டப்படாதது’.

அம்மா கேட்டார்: “காரணமே இல்லாம ஒரு நோய் வருமாடி? நான் என்ன தப்பு பண்ணினேன்?”

அந்தக் கேள்விக்குச் சுற்றியிருந்தோர் அனைவரிடமும் விடை இருந்தது. வகுப்பில் நாள் முழுதும் நின்றதால் என்றார் ஒருவர். தேர்வுத்தாள் திருத்த உட்கார்ந்தே இருந்ததால் என்றார் மற்றொருவர். தண்ணீர் குடிக்காததால், மாடிப்படி ஏறாததால், கவலைப்பட்டதால். மருத்துவம் காரணம் என்னும் கட்டத்தை வெறுமையாக விட்டபோது, உறவினர்கள் அதில் குற்றத்தை எழுதி நிரப்பினார்கள். அம்மாவும் அதைக் கையொப்பமிட்டு ஏற்கத் தயாராக இருந்தார்.

அவருக்காக அந்தக் குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘காரணமற்ற’ என்று எழுத மனம் ஒப்பவில்லை. ‘தூண்டுதல் புலப்படாத’ என்று எழுதினேன். அம்மா தமிழாசிரியர் அல்லவா, அடிக்கோடிட்டுக் கேட்டார்: “யாருக்குப் புலப்படாத?” அதன்பின் ‘மருத்துவர்களுக்கு இதுவரை’ என்று முன்னே சேர்த்தேன். இந்த இரண்டு சொற்களுக்குள் இருக்கும் ஆய்வுலகத்தைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

உறவினர் ஒருவர் ஒரு பரிசோதனைக்கூடத்தின் விளம்பரத்தை அனுப்பியிருந்தார்: இரத்த உறைவுக்கான மரபணுச் சோதனைத் தொகுப்பு. அதில் முதன்மையாக இருந்தவை இரண்டு. ஒன்று, நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பெயரைத் தாங்கிய ஐந்தாம் காரணியின் மாற்றம், 1994இல் கண்டறியப்பட்டது. மற்றொன்று, 1996இல் அதே நகரத்து ஆய்வாளர்கள் அறிவித்த புரோத்திராம்பின் மரபணு மாற்றம். இரண்டாவதன் கதை ஒரு மொழியியல் மாணவியை நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவரக்கூடியது.

புரோத்திராம்பின் மரபணுவின் 20210ஆம் இடத்தில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கிறது. ஒரே ஓர் எழுத்து. ஆனால் அந்த எழுத்து புரதத்தை விவரிக்கும் பகுதியில் இல்லை, தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில், மொழிபெயர்க்கப்படாத இறுதியில் இருக்கிறது. உருவாகும் புரோத்திராம்பினில் ஓர் அணுவும் மாறுவதில்லை. பின் எது மாறுகிறது? தூதின் முனை வெட்டி முடிக்கப்படும் இடத்தில், அந்த வெட்டு இன்னும் செம்மையாக நடைபெறுகிறது. அதனால் தூதுகள் மிகுகின்றன. புரோத்திராம்பின் அளவு கூடுகிறது. சிரையில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. வாக்கியத்தின் சொற்கள் எல்லாம் அப்படியே இருக்க, முற்றுப்புள்ளி திருத்தமாக வைக்கப்பட்டதால் அந்த வாக்கியம் கூடுதல் பிரதிகளில் அச்சாகிவிட்டது போன்ற நிலை. குறியீடற்ற எழுத்து ஒன்றும் செய்யாது என்போர்க்கு இந்த ஓர் எழுத்தே போதும்.

இந்த வால்பகுதியில்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் வந்து ஒட்டுகின்றன. தம் எழுத்துக்களோடு இணைசேரும் இடத்தை அங்கே கண்டு பற்றிக்கொண்டு, தூது மொழிபெயர்க்கப்படுவதைக் குறைக்கின்றன. அல்லது தூதையே சிதையச் செய்கின்றன. உறைதல் தொடங்குவதற்கு முதற்பொறியாக விளங்கும் ‘திசுக் காரணி’ என்னும் புரதத்தின் தூதினை மைக்ரோ ஆர்.என்.ஏ.-19 குடும்பம் இவ்வாறு அடக்குவது செல் ஆய்வுகளில் காட்டப்பட்டுள்ளது. அடக்கும் கை தளர்ந்தால் பொறி எளிதில் பற்றும்.

இரத்தத் தட்டுகளுக்கு உட்கரு இல்லை. புதிய தூதுகளை அவை படியெடுக்க முடியாது. ஆயினும் தாய்ச்செல்லிடமிருந்து கட்டிக்கொண்டு வந்த ஆர்.என்.ஏ. அவற்றில் உண்டு, மைக்ரோ ஆர்.என்.ஏ.-223 அங்கே மிகுதி. குழாயின் உட்சுவரான எண்டோதீலியச் செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-126 சிறப்பிடம் பெறுகிறது. அடைபட்ட சிரையில் உறைவு கரைந்து மீண்டும் வழி திறப்பதற்கு அது துணைசெய்வதை விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆக, விர்ச்சோவின் மூன்று வாயில்களில், சுவரிலும் இரத்தத்திலும் இந்த ‘அல்லாதவை’ காவல் நிற்கின்றன.

இவற்றைப் படிக்கையில் எனக்கு நினைவுக்கு வந்தது தொல்காப்பியத்தின் இடைச்சொல் என்னும் வகை. பெயரும் வினையும் தாமே பொருள் தரும். இடைச்சொல் தனித்து இயங்காது, அவற்றைச் சார்ந்தே நிற்கும். ‘அவன் வந்தான்’ என்பதோடு ‘அவனும் வந்தான்’, ‘அவன்தான் வந்தான்’, ‘அவனா வந்தான்’ என்பவற்றை ஒப்பிடுங்கள். ஆளும் செயலும் மாறவில்லை; அவ்வாக்கியம் கேட்பவரிடம் செய்யும் வேலை முற்றிலும் மாறிவிடுகிறது. அகராதியில் ஒரு சொல்லாக எழுத முடியாத அந்த ஓரசை இல்லையேல் நம்மால் ஒரு நாள்கூட உரையாட இயலாது. புரதங்கள் பெயரும் வினையும் என்றால், இந்த ஆர்.என்.ஏ.க்கள் உம்மையும் ஏகாரமும் ஆகலாம்.

உவமை அழகாக இருக்கிறது. அதனாலேயே அதைச் சந்தேகிக்க வேண்டும். செல்லுக்கு வெளியே சிந்திய ஆர்.என்.ஏ.வே உறைதலைத் தூண்டுகிறது என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. புண்பட்ட செல்களிலிருந்து வெளிவரும் ஆர்.என்.ஏ., உறைதல் காரணிகள் சில ஒட்டிச் செயல்படத் தளமாகிறது, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியை எலிகளுக்குச் செலுத்தியபோது தமனி அடைபடுவது தாமதமாயிற்று. இங்கே ஆர்.என்.ஏ. எந்தச் செய்தியையும் சுமக்கவில்லை. எழுத்துக்களின் வரிசைக்கு இங்கு முதன்மை இல்லை. அதன் எதிர்மின்னூட்டமே வேலை செய்கிறது. எழுதிய தாள் படிக்கப்படாமல், வழியில் கிடந்து கால் வழுக்கச் செய்வது போல. இலக்கணமோ இடைச்சொல்லோ இங்கு உதவாது. செல் ஒரு நூல் அன்று; நூலைப் போன்ற சில வேலைகளையும் செய்யும் ஒரு பொருள். எங்கள் துறையின் சொற்களைக் கடன் கொடுத்ததால் அது எங்கள் துறை ஆகிவிடாது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேள்வி மூன்று மாதச் சிகிச்சைக்குப் பின் வேறு வடிவம் எடுத்தது: மாத்திரையை நிறுத்தலாமா? தூண்டுதல் புலப்படாத உறைவு கண்டவர்கள் மாத்திரையை நிறுத்தினால், பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான கணக்கின்படி, முதல் ஆண்டில் 100 பேரில் சுமார் 10 பேருக்கும், ஐந்தாண்டில் 25 பேருக்கும், பத்தாண்டில் 36 பேருக்கும் மீண்டும் வருகிறது. திருப்பிப் படித்தால், பத்தாண்டுகள் ஆகியும் 64 பேருக்கு வரவில்லை. தொடர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம். நிறுத்தினால் மறு உறைவின் அபாயம். அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி: “நான் அந்த 36லயா, 64லயா?”

குறியீடற்ற ஆர்.என்.ஏ. ஆய்வு இன்று சிரை உறைவில் தேடிக்கொண்டிருப்பவற்றுள் முக்கியமானது இந்தக் கேள்விக்கான விடை. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் நுண்பைகளுக்குள்ளும் புரதங்களோடு பிணைந்தும் இரத்த ஓட்டத்தில் சிதையாமல் உலவுகின்றன. ஆகவே ஒரு குழல் இரத்தத்தில் அவற்றை அளந்து, யாருக்கு மீண்டும் வரும் என்று முன்னறியலாம் என்பது நம்பிக்கை. தடைகளும் அத்தகையவை. நோயாளிக்கு முதலில் தரப்படும் ஹெப்பாரின், ஆர்.என்.ஏ.வை அளக்கும் வினையையே குலைக்கிறது. பிளாஸ்மாவைப் பிரிக்கையில் தட்டுகள் சில கலந்துவிட்டால், அவற்றின் மைக்ரோ ஆர்.என்.ஏ. கணக்கை மாற்றிவிடுகிறது. ஓர் ஆய்வு தரும் பட்டியலும் மற்றோர் ஆய்வு தரும் பட்டியலும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. உறைவினால் அந்த மாற்றம் வந்ததா, மாற்றத்தால் உறைவு வந்ததா என்பதையும் ஒருமுறை எடுத்த இரத்தம் சொல்லாது. ஆகவே, இந்த முடிவை எடுக்க உதவும் மைக்ரோ ஆர்.என்.ஏ. சோதனை எதுவும் இன்று வழக்கமான மருத்துவத்தில் இல்லை.

விளம்பரத்தில் கண்ட தொகுப்பின் நிலையும் வேறுவகையில் இதுவே. லெய்டன் மாற்றமும் புரோத்திராம்பின் மாற்றமும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பரவலாகக் காணப்படுபவை. நம்மிடையே முன்னது குறைவு, பின்னது மிக அரிது. நமக்குக் கேட்கப்படாத கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடையைப் பணம் கொடுத்து வாங்குவதில் பயன் சிறிது. அந்த ‘இல்லை’யைக் கையில் வைத்துக்கொண்டு ‘எனக்கு மரபணுக் கோளாறு எதுவுமில்லை’ என்று ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் கேடு பெரிது. அந்த இரண்டு கதவுகளும் மூடியிருக்கின்றன என்பதால் வீடு பூட்டியிருக்கிறது என்று பொருளல்ல. எங்கள் மருத்துவரும் அச்சோதனை தேவையில்லை என்றார்.

அம்மா மாத்திரையைத் தொடர்கிறார். ஆறு மாதத்திற்குப் பின் மருத்துவர் அளவைக் குறைத்திருக்கிறார். அது எண்களைப் பார்த்து, தம் வயதையும் இரத்தக்கசிவு அபாயத்தையும் மருத்துவரோடு எடைபோட்டு, அவரே எடுத்த முடிவு. தாம் 36இல் ஒருவரா 64இல் ஒருவரா என்று இன்னும் அவருக்குத் தெரியாது. ஆனால் ‘என் தப்பு’ என்பதை அவர் சொல்வதில்லை. யாரேனும் காரணம் கேட்டால், ‘இன்னும் கண்டுபிடிக்கலை’ என்கிறார். ஓர் ஆய்வாளருக்குரிய நேர்மையான வாக்கியம் அது.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது எளியது. ஒற்றைக் கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் நீவாதீர்கள். அன்றே மருத்துவரைக் காணுங்கள். அதனோடு திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஆய்வேட்டின் முன் மணிக்கணக்கில் அமர்ந்திருப்போர் இடையிடையே எழுந்து நடப்பதால் எந்த இயலும் கெட்டுவிடாது.

இரண்டாவது, கலைச்சொல் ஆக்குவோருக்கு. ‘அற்ற’, ‘இல்லாத’, ‘அல்லாத’ என்று ஒரு பெயரை முடிக்கும்போது, அங்கே இல்லாதது பொருளா, நம் அறிவா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ‘காரணமற்ற’ என்பதற்கும் ‘காரணம் அறியப்படாத’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவு அச்சில் ஒரு சொல். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அது, தன்னைத் தானே குற்றவாளியாக்கிக்கொள்வதா வேண்டாமா என்னும் தொலைவு.